பேனரில் சிரித்த ராகில்

வார்தோயோ தன் வாழ்நாளில் செய்த காரியங்களில் அளவில் மிகப் பெரியது போன வெள்ளிக்கிழமை செய்ததுதான். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம்.

இந்தோனேசியச் சுதந்திர தினத்துக்காகச் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருந்த தெரு வளைவின் உச்சியில், தன் இளைய மகன் ராகிலின் முகத்தை ஏற்றிவிட்டார். ‘வட்டத் திடலில் கொடியேற்றப் போகும் ராகில், நான்காம் தெருவின் பெருமை’ என்று கீழே எழுத்து. அதற்கும் கீழே, ‘அன்புடன், தெருக்குழுத் தலைவர் வார்தோயோ’. பெயரைச் சின்ன எழுத்தில்தான் போடச் சொன்னார். மசூதி வாசலில் நின்று பார்த்தாலும் படிக்க முடிகிற அளவுக்குச் சின்னது.

அன்றிலிருந்து பையன் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை வாந்தி. ஞாயிற்றுக்கிழமை தூக்கமில்லை. திங்கட்கிழமை, கண்ணுக்குக் கீழே யாரோ மை பூசிவிட்ட மாதிரி வந்து நின்றான்.

“உடம்புல காத்து புகுந்திருக்கு,” என்றாள் அவர் மனைவி ரூமியாத்தி.

அவளுடைய மருத்துவத்தில் ஒரே ஒரு நோய்தான் உண்டு. தலைவலி என்றாலும் காற்று, கால்வலி என்றாலும் காற்று. மூத்த மகள் கினாந்தி சுரபாயாவுக்குச் செவிலியர் படிப்புக்குப் போன அன்று ரூமியாத்தி பகல் முழுக்க அழுதாளே, அதுவும் காற்றுதான்.

இன்று ஆகஸ்ட் பதினாறு. நாளை காலை பத்து மணிக்குக் கொடி ஏற வேண்டும். இன்று மாலை மூன்று மணிக்குக் கடைசி ஒத்திகை.

காலை எட்டு மணிக்கு ராகில் குளியலறையில் மறுபடியும் ஓங்கரித்தான். ரூமியாத்தி அப்போதுதான் சமுதாயக் கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாலை விருந்துக்கு எண்பது பேருக்குச் சமையல். பெரிய அகப்பையை ஒரு கையில் பிடித்தபடி, இன்னொரு கையால் ஒரு பழைய தடித்த நாணயத்தையும் தைலக் குப்பியையும் கணவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“முதுகுல தைலம் தடவி, காசால நீங்க சுரண்டி விடுங்க. காத்து வெளிய போயிரும்.”

“நானா?”

“எண்பது பேருக்குச் சமைக்கிறீங்களா, ஒரு முதுகைச் சுரண்டுறீங்களா?”

வார்தோயோ நாணயத்தைத் தேர்ந்தெடுத்தார். இருபத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் முதுகுதான் சுரண்டப்பட்டிருக்கிறதே தவிர, அவர் யாரையும் சுரண்டியதில்லை.

*

ராகில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தான். பதினாறு வயது முதுகு. ஒரு மாதம் வெயிலில் அணிவகுத்ததில் கழுத்து வரைக்கும் ஒரு நிறம், அதற்குக் கீழே வேறு நிறம்.

வார்தோயோ தைலத்தைக் கொட்டினார். கொஞ்சம் அதிகமாகவே கொட்டினார்.

“அப்பா, மீன் வறுக்கப் போறீங்களா?”

“பேசாம படுலே.”

முதுகெலும்பிலிருந்து விலாப்பக்கம் சாய்வாக இழுக்க வேண்டும். இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தார். பையன் துள்ளினான். மூன்றாவது இழுப்பில் சிவப்பாக ஒரு கோடு எழுந்தது. அவருக்குள் ஒரு சின்னப் பெருமிதம். கோடு எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு காற்று என்பது கணக்கு.

“அடேயப்பா. எவ்வளவு காத்துலே இது.”

“அது காத்து இல்லப்பா.”

“பின்ன?”

 வார்தோயோ அடுத்த கோட்டை இழுத்தார். இதில் ஒரு வசதி இருப்பதை அப்போது அவர் கவனிக்கவில்லை. பையனின் முகம் தரையைப் பார்த்துக் கிடந்தது. அப்பாவின் முகம் எப்படி மாறுகிறது என்று அவன் பார்க்க வேண்டியதில்லை.

“செவ்வாய்க்கிழமை கொடி முன்னாடியே போயிருச்சு,” என்றான் ராகில், பாயைப் பார்த்து.

“எங்க போச்சு?”

“மேல. பாட்டு முடியும்போதுதான் உச்சிக்குப் போகணும். பாட்டுல இன்னும் நாலு வரி இருக்கு, கொடி மேல போய் நிக்குது. எல்லாரும் சும்மா அண்ணாந்து பாத்துக்கிட்டு நாலு வரி பாடினாங்க.”

“ஒத்திகைதானே. அதுக்குத்தானே ஒத்திகை.”

“புதன்கிழமை கயித்தைப் பிடிச்சதும் கை மரத்துப்போச்சு. விரல் இருக்குன்னே தெரியல. யுஸ்ரோன் பக்கத்துல நின்னு மெதுவா ‘இழு, இழு’ன்னு சொன்னான். அப்புறம்தான் இழுத்தேன்.”

யுஸ்ரோன் மாற்று ஆள். ஒரு மாதமாக எல்லா ஒத்திகைக்கும் வந்து, எதையும் தொடாமல் நின்றுவிட்டுப் போகிறவன்.

“நீ டென்ஷன் ஆகாம இரு. அவ்வளவுதான் விஷயம்,” என்றார் வார்தோயோ.

அதைச் சொல்லி முடித்ததும் நல்ல வார்த்தை சொன்ன திருப்தி அவருக்கு வந்தது. முதுகு மட்டும் இன்னும் விறைத்தது.

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்கப்பா. டென்ஷன் ஆகாதேன்னு சொன்னா, ஐயோ டென்ஷன் ஆகிட்டேனேன்னு இன்னொரு டென்ஷன் வருது. இப்ப ரெண்டு.”

வார்தோயோவின் கை நின்றது.

“பள்ளிக்கூடத்துல ஆலோசனை டீச்சர் ஒரு தாள் குடுத்தாங்க,” என்றான் ராகில். “ஒரு பக்கம் நம்ம கையில இருக்கிறதை எழுதணும். இன்னொரு பக்கம் நம்ம கையில இல்லாததை. கையில இல்லாத பக்கத்தைப் பாத்துப் பயந்து பிரயோஜனம் இல்லியாம்.”

“நல்ல டீச்சர். என்ன எழுதின?”

“கையில இல்லாத பக்கத்துலயா? காத்து. பாடுறவங்களோட வேகம். அப்புறம் நீங்க.”

“நானா?”

“நீங்களும் பேனரும்.”

காற்றுக்கும் பாடகர் குழுவுக்கும் பக்கத்தில், மனிதனால் கட்டுப்படுத்த முடியாத சக்திகளின் வரிசையில் தன் பெயரும் இருக்கும் என்று வார்தோயோ எதிர்பார்த்ததே இல்லை. ஒரு நொடி கௌரவமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி இல்லை.

“பேனர்னால என்னலே? நல்லாத்தானே இருக்கு. சிரிச்ச மாதிரி படம்.”

“நான் தினமும் நாலு தடவை அதுக்குக் கீழ போறேம்பா. போறப்ப ரெண்டு, வர்றப்ப ரெண்டு. அவன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். அவனுக்கு எல்லாம் சரியா வரும். எனக்கு வராது.” குரல் பாய்க்குள் அமுங்கியது. “எனக்கு நாளைக்குக் கயிறு வேண்டாம்பா. பின்வரிசையில நின்னுக்கிறேன். நடக்கிறது எனக்கு நல்லா வரும். கயிறு மட்டும் வேண்டாம்.”

வார்தோயோ முதுகைப் பார்த்தார். இருபக்கமும் சிவப்புக் கோடுகள், மீன்முள் மாதிரி. அதில் மூன்று கோணலாகப் போயிருந்தன. பேசிக்கொண்டே அவர் இழுத்தவை.

தொண்ணூற்றொன்றில் இதே வட்டத் திடலில் விழாவுக்குத் தானும் நின்றதாக அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். நின்றது உண்மைதான். பாடகர் குழுவில், மூன்றாவது வரிசையில். ‘நீ வாயை மட்டும் அசைச்சா போதும்’ என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அசைத்தார். அந்த விவரத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“சரி,” என்றார். “ஒத்திகை நடத்துற சார்ஜென்ட்கிட்ட நான் பேசறேன். உனக்குக் கொசுக்காய்ச்சல்னு சொல்லிடலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேணும்னா என் மச்சினன் வேலை பாக்கிற ஆய்வகத்துல…”

“வேண்டாம்பா.” ராகில் முதல் தடவையாகத் தலையைத் திருப்பினான். “பொய் சொன்னா அது வெளிய வந்துருமோன்னு அதுக்கும் சேத்துப் பயப்படணும். நான் உள்ளதையே சொல்றேன். நீங்க வண்டியில கொண்டு விட்டா போதும். நீங்க பேசக் கூடாது.”

“ஒரு வார்த்தைகூடவா?”

“ஒரு வார்த்தைகூட.”

ஊர்வலம் முதல் உப்புமூட்டை விளையாட்டு வரை எதற்கும் ஒலிபெருக்கி பிடிக்கிற மனிதரிடம் இது பெரிய கோரிக்கை.

*

மூன்று மணிக்கு வட்டத் திடல் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வார்தோயோ பைக்கை வேலி ஓரம் நிறுத்தினார். ராகில் இறங்கிச் சீருடையைச் சரிசெய்துகொண்டு கொடிமரத்தை நோக்கி நடந்தான். முப்பது அடி போனதும் திரும்பிப் பார்த்து, அங்கேயே நில்லுங்கள் என்று கையைக் காட்டினான்.

நின்றார். நின்ற இடத்தில் தேங்காய்ப்பால் ஐஸ் பானமான செண்டோல் விற்கும் வண்டி இருந்ததால் ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கிக்கொண்டார். சும்மா நிற்பதற்கும் ஒரு காரணம் வேண்டும்.

சார்ஜென்ட் மார்சூடி கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். பையன் போய் எதிரே விறைப்பாக நின்றான். சார்ஜென்ட் திரும்பினார். பையனின் தலை ஒருமுறை குனிந்து, மறுபடி நிமிர்ந்தது.

“உங்க பையனா?” என்றார் செண்டோல்காரர். “பேனர்ல பாத்தேன். நேர்ல ஒல்லியா இருக்கான்.”

“ம்.”

“சார்ஜென்ட் கையைக் கட்டிக்கிட்டாரு. கோவமோ?”

“தெரியல.”

வார்தோயோவுக்கு உண்மையில் தெரியவேண்டியது வேறு. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடலாம்: சார்ஜென்ட் மறுத்துவிட வேண்டும் என்று அவருக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. ‘அதெல்லாம் முடியாது, நீதான் இழுக்கணும்’ என்று அதட்ட வேண்டும். பையன் நாளைக்கு ஜம்மென்று இழுக்க வேண்டும். கொடி சரியாகக் கடைசிச் சொல்லுக்கு உச்சியைத் தொட வேண்டும். தான் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அழ வேண்டும். அழுவதற்குப் புதுக் கைக்குட்டைகூட வாங்கி வைத்திருந்தார்.

அந்தப் பக்கம் பையன் தன் வலது கையை நீட்டிக் காட்டினான். சார்ஜென்ட் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிறகு எதையோ சொன்னார். பையன் சட்டென்று அவரை நிமிர்ந்து பார்த்தான். பையனும் எதையோ சொன்னான், கொஞ்சம் கோபமாக. சார்ஜென்ட் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

“வயித்தைக் காட்டுறாரு,” என்றார் செண்டோல்காரர். “சாப்பிடலையான்னு கேக்கிறாரு போல.”

“அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருக்கீங்களா? எனக்கே இங்க மூச்சு முட்டுது.”

“குடிங்க. ஐஸ் கரையுது.”

அப்போது அது நடந்தது. அங்கே, கொடிமரத்தின் கீழே, ராகில் சிரித்தான். பேனரில் இருக்கிற சிரிப்பு இல்லை. அது படம் பிடிப்பவர் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டு வாங்கியது. இது வாய் ஒருபக்கம் கோணிக்கொண்டு, தோள் இரண்டும் கீழே இறங்கி வந்த சிரிப்பு. அந்தத் தோள்கள் ஒரு வாரமாகக் காதோடு ஒட்டிக்கொண்டிருந்ததை அவை இறங்கிய பிறகுதான் வார்தோயோ கண்டுகொண்டார்.

அவருக்குள் மூலையில் இருந்த ஆசை டம்ளரைக் கீழே வைப்பதற்குள் காணாமல் போய்விட்டது.

யுஸ்ரோன் கூப்பிடப்பட்டான். கயிறு கைமாறியது. ராகில் ஓடிப்போய் கடைசிக்கு முந்திய வரிசையில் நின்றுகொண்டான். விசில் ஒலித்தது. அணி நகர்ந்தது. நடப்பது தனக்கு நன்றாக வரும் என்று அவன் சொன்னது உண்மைதான்.

*

“என்னதான் சொன்னாரு?” திரும்பி வரும் வழியில், தலைக்கவசத்துக்குள்ளிருந்து வார்தோயோ கத்தினார்.

“நாலு நாளா என் கையைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாராம்.”

“அப்போ ஏன் முன்னாடியே சொல்லல?”

“அதைத்தான் நானும் கேட்டேன். கோவமா கேட்டுட்டேன். அவர் சொன்னா என்னை நீக்கினதா ஆயிடுமாம். நான் சொன்னா மாத்திக்கிட்டதா ஆகுமாம். சொல்லுவேனான்னு காத்திருந்தாராம்.”

“வயித்தை எதுக்குத் தொட்டாரு?”

“அவருக்கு ஒவ்வொரு வருஷமும் விழாவுக்கு முன்னாடி ரெண்டு தடவை கழிவறைக்குப் போகணுமாம். பத்தொன்பது வருஷமா. ஒரு வருஷம் மூணு தடவை. அது மந்திரி வந்த வருஷம்.”

வார்தோயோ சிரித்ததில் பைக் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தது. பின்னாலிருந்து ராகில் அவர் தோளைத் தட்டினான். “வழியில தெம்பே வடை வாங்குங்கப்பா,” என்றான். “பசிக்குது.” ஒரு வாரத்தில் முதல் முறையாக அந்த வார்த்தை.

தெருமுனையில் வளைவு. வளைவில் அவன் முகம். வார்தோயோ வண்டியை நிறுத்தினார்.

கீழே நாளைய போட்டிக்காக வடம் இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருபக்கம் எதிர்வீட்டு ஜுமாடியும் ஆண்களும். மறுபக்கம் ஜுமாடியின் மனைவியும் பெண்களும். ஜெயித்துக்கொண்டிருந்தது பெண்கள்.

வார்தோயோ மூங்கில் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார். ராகில் கீழே பிடித்துக்கொண்டான்.

“யாராவது கேட்டா என்னலே சொல்றது?”

“நடந்ததைச் சொல்லுங்க.”

முதல் கம்பியை அவிழ்ப்பதற்குள் ஜுமாடி கேட்டுவிட்டார். “என்ன தலைவரே, தேர்தல் முடிஞ்சு போச்சா? நாளைக்குத்தானே கொடி, இன்னிக்கே இறக்குறீங்க?”

வடம் நின்றது. பதினைந்து பேர் அண்ணாந்து பார்த்தார்கள். ஏணியின் உச்சியில் நிற்பவனுக்குப் பேச்சை மாற்ற வழியில்லை.

“ராகில் நாளைக்குக் கொடி ஏத்தலை,” என்றார் வார்தோயோ. “யுஸ்ரோன் ஏத்துறான். இவன் அணிவகுப்புல வர்றான். கயிறு பிடிக்க இவனுக்குப் பயமா இருந்துச்சு. அதை அவனே போய்ச் சொல்லிட்டு வந்தான். பயத்தை ஏத்தி வெச்சது நான்தான். மூணுக்கு ரெண்டு மீட்டர்.”

 அடுத்த கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார். 

ஜுமாடி வடத்தைக் கீழே போட்டார். “அட, இதுல என்ன இருக்கு. நான் என் கல்யாணத்தன்னிக்குக் காலையில கரும்புக் காட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். மாமனார்தான் வந்து பக்கத்துல உக்காந்து, ஒரு சிகரெட் முடியற வரைக்கும் ஒண்ணும் பேசாம இருந்துட்டுக் கூட்டிட்டு வந்தாரு.”

“இது வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?” என்றார் வார்தோயோ மேலிருந்து.

ஜுமாடி மெதுவாகத் திரும்பி வடத்தின் மறுமுனையைப் பார்த்தார்.

“இப்பத் தெரிஞ்சுருச்சு,” என்றாள் அவர் மனைவி.

எல்லாரும் சிரித்த அந்தச் சிரிப்பில் பேனர் இறங்கியது. அதன் வெள்ளைப் பின்பக்கம் சமையல் கொட்டகைக்கு நல்ல கூரையாகும் என்று பெண்கள் மடித்துக்கொண்டு போனார்கள். சிரித்த முகம் உள்பக்கமாக, எண்பது பேருக்கான சோற்றைப் பார்த்தபடி இருக்கும். அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது.

*

ஐந்து மணிக்கு ரூமியாத்தி மசாலா எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள். ராகில் மூன்றாவது தட்டுச் சோற்றில் இருந்தான். நடந்ததை வார்தோயோ ஒரு மூச்சில் சொன்னார். அவள் மகனின் சட்டையைப் பின்னால் தூக்கிக் கோடுகளைப் பார்த்தாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே, காத்துன்னு. வெளிய வந்துருச்சு பாருங்க.” பிறகு கணவனைப் பார்த்தாள். “ஆனா ஏன் இப்படிக் கோணலா இழுத்து வெச்சிருக்கீங்க?”

அவள் மகனின் தலையில் கையை வைத்தாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். வாணலியில் தேங்காய் வறுபடும் சத்தம் வந்தது.

வார்தோயோ வாசல் படியில் உட்கார்ந்தார். ஒரு வாரமாக அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் போலிருக்கிறது. விட்டார். நாளை முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிக்கு முந்திய வரிசையைத் தேடவேண்டும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைக்கவேண்டும்.

வாசலில் ஒரு பைக் வந்து நின்றது.

கினாந்தி. சுரபாயாவில் இருக்க வேண்டியவள். விடுமுறை ஒரு நாள்தான், வர மாட்டேன் என்று போன வாரம் போனில் சொன்னவள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் முழுக்கப் புழுதி. வண்டியின் பின்னால், கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, சுருட்டிய மெத்தை ஒன்று.

ஒரு நாள் விடுமுறைக்கு யாரும் மெத்தையோடு வருவதில்லை.

வார்தோயோ வாயைத் திறந்தார். ஏழெட்டுக் கேள்விகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. பின்னால் தட்டோடு வந்து நின்ற ராகில், அக்காவையும் மெத்தையையும் பார்த்துவிட்டு, அப்பாவின் முழங்கையை லேசாக இடித்தான்.

வார்தோயோ வாயை மூடிக்கொண்டார். எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்த்து, மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினார். அவள் மறுமுனையைத் தூக்கினாள். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரே நாளில் இது இரண்டாவது தடவை.

கூடத்து நடுவில் கினாந்தி நின்றுவிட்டாள். மெத்தை இருவருக்கும் நடுவே தொங்கியது.

“அப்பா,” என்றாள் மெல்ல. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். படிப்பைப் பத்தி.”

“சொல்லும்மா.”

“அம்மா இல்லாதப்ப.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.